நடந்து பார்க்காத பாதைக்கு ஒரு கையெழுத்து

வித்யா,

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிக்கப்போவதில்லை. எங்கள் ஓய்வு பெற்றோர் சங்கத்தின் மாத இதழுக்காக இதை எழுதுகிறேன். அச்சுக்குப் போகும் முன்னால் ஒரு பிரதி கூரியரில் உன் கைக்கு வந்து சேரும். வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்கிறாரே இந்த மனுஷன் என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். நாலு மாதத்துக்கு முன்னால் இதே இதழில் 'என் மகளின் ரயில்' என்று தலைப்புப் போட்டு, உன் போட்டோவையும் கொடுத்து, இனிமேல் விமான நிலையம் போகிறவர்கள் டாக்சிக்காரரிடம் பேரம் பேச வேண்டியதில்லை, ரயிலில் ஏறினால் நேராக டெர்மினலுக்குள்ளேயே போய்விடலாம் என்று ஒன்றரைப் பக்கத்துக்குப் பீற்றிக்கொண்டவன் நான்தான். அப்போது நீ 'சூப்பர்ப்பா' என்று பதில் அனுப்பினாய். பெருமையை அச்சடித்து ஊர் முழுக்கக் கொடுத்தவனுக்கு, அது பொய் என்று தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க உரிமை இல்லை. இதழ் இருபதாம் தேதி அச்சகத்துக்குப் போகிறது. அடுத்த மாதம் நீ வெளிநாட்டுப் பிராஜெக்ட்டுக்குப் புறப்படுவதாக இருக்கிறாய். அதற்குள் இதைப் பேசித் தீர்த்தாக வேண்டும். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

உன் வேலை என்ன என்று இங்கே பலருக்குத் தெரியாது. எனக்கே முழுசாகப் புரிய ரொம்ப நாள் ஆனது. நீ இருக்கும் நகரத்தில் ஊர் நடுவிலிருந்து விமான நிலையத்துக்கு ஒரு ரயில் பாதை போட்டார்கள். ரயில் கம்பெனியில் பாதி அரசாங்கம், பாதி ஒரு தனியார் கட்டுமானக்காரர். விமான நிலையத்தை நடத்துவது இன்னொரு தனியார் கம்பெனி. ரயில் வந்து நிற்கும் ஸ்டேஷனுக்கும் டெர்மினலுக்கும் நடுவில் உயரத்தில் ஒரு நடைபாதை. காம்பவுண்டு சுவர் வரைக்கும் அதை ரயில் கம்பெனி கட்ட வேண்டும். சுவரைத் தாண்டிய பகுதி விமான நிலையக்காரர்கள் பொறுப்பு. இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் ஒரு இரும்பு ஷட்டர். அந்தச் சேருகிற இடத்தைப் பார்த்துக்கொள்வதுதான் உன் உத்தியோகம். 'இன்டர்ஃபேஸ் மேனேஜர்' என்றாய். உன் அம்மா அதை மனப்பாடம் செய்து பால் வாங்குகிற இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எனக்குத் தெரிந்த பாஷையில் புரிந்துகொண்டேன். ஒரு ஷிப்ட்காரன் வேலையை அடுத்த ஷிப்ட்காரனிடம் ஒப்படைக்கிறான் அல்லவா, அந்த இடத்தில் நிற்கிற ஆள் என் மகள் என்று.

மைன்ஸில் நான் இருந்தது பெல்ட் செக்‌ஷன். வெட்டியெடுத்த மண்ணும் நிலக்கரியும் கிலோமீட்டர் கணக்கில் ரப்பர் பெல்ட்டின் மேல் ஓடிக்கொண்டிருக்கும். அடியில் வரிசையாக இரும்பு ரோலர்கள் சுழலும். ஷிப்ட் முடிகிறவன் தன் பங்குக்கு உள்ள நீளத்தை ஒரு தடவை காலால் நடந்து, கண்ணால் பார்த்து, எந்த ரோலராவது கிறீச்சிடுகிறதா என்று காதால் கேட்டுவிட்டு வந்து, நோட்டில் 'நடந்து பார்த்தேன், நார்மல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்து வருகிறவன் அதை நம்பித்தான் சுவிட்சைத் தொடுவான். அந்த வார்த்தை அப்படியே நம் க்வார்ட்டர்ஸுக்குள்ளும் வந்துவிட்டது. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் 'இன்னைக்கு நார்மலா?' என்று கேட்பேன். 'நார்மல்ப்பா' என்பாய். ஒன்பதாவது படிக்கும்போது ஒருநாள் பையைக் கழற்றாமலே வாசலில் நின்று, 'நடந்து பாத்தேன்ப்பா, நார்மல் இல்ல' என்று கணக்குப் பரீட்சைத் தாளை நீட்டினாய். பதினேழு மார்க். நான் திட்டவில்லை, ஞாபகம் இருக்கிறதா? உன் அம்மாதான் திட்டினாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். வேறு எதில் வேண்டுமானாலும் இவள் பொய் சொல்லட்டும், அந்த வார்த்தையை வைத்துச் சொல்ல மாட்டாள் என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். ஒரு அப்பன் இவ்வளவு சுலபமாக ஏமாறக்கூடாது.

இனி அந்தோணி. கம்மாபுரம் பக்கத்து ஆள். பெல்ட்டிலிருந்து சிந்துகிற மண்ணை அடியில் குனிந்து வாருகிற கான்ட்ராக்ட் வேலை. கான்ட்ராக்டர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், அந்தோணி மாறவில்லை. பர்மனென்ட் ஆகாமலே வயசாகி வீட்டுக்குப் போனவன். அவன் மகள் ஸ்டெல்லாவை உனக்குத் தெரியும். உன் பழைய பாவாடை சட்டையெல்லாம் அவளுக்குத்தான் போனது. நர்ஸுக்குப் படித்து, கடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே விடாமல் பரீட்சை எழுதி, மஸ்கட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை வாங்கினாள். இன்ன தேதிக்குள் போய்ச் சேர வேண்டும், இன்ன விமானம் என்று ஏஜென்ஸிக்காரன் எல்லாம் கொடுத்துவிட்டான். வழியனுப்ப அந்தோணிக்குத் தனியாகப் போகப் பயம். 'சார், நீங்க கூட வந்தீங்கன்னா தைரியமா இருக்குங்க' என்றான். எனக்கும் உன் ரயிலில் ஏறிப் பார்க்க ஆசை. கிளம்பிவிட்டேன்.

விருத்தாசலத்தில் நாங்கள் ஏறிய ரயில் அன்றைக்கென்று ஒரு மணி நேரம் தாமதம். நகரத்து ஸ்டேஷனில் இறங்கியபோது மத்தியானம். அந்தோணி வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, 'சார், லேட்டாய்ட்டுதுங்க. ஒரு காரு வெச்சிகினு போய்டலாங்களா?' என்று கேட்டான். சரியான யோசனை. காரில் போயிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. நான் என்ன செய்தேன் என்றால், உன்னைக் கூப்பிட்டேன். நீ எடுத்தாய். சுற்றிலும் பேச்சுச் சத்தம், மீட்டிங்கில் இருக்கிறேன் என்றாய். நான் கேட்டதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். 'பாதை தெறந்திருக்காம்மா? நீ நடந்து பாத்தியா?' நீ சொன்னதையும் வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். 'பாத்தேம்ப்பா. நார்மல். எறங்கினா பத்தே நிமிஷம், நேரா உள்ள போயிடுங்க.' நான் போனை வைத்துவிட்டு அந்தோணியிடம் சொன்னேன்: 'காரெல்லாம் வேண்டாம். எம் பொண்ணு நடந்து பாத்திருக்கா.' அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். பெல்ட் செக்‌ஷனில் வேலை பார்த்தவனுக்கு அதற்கு மேல் ஒரு உத்தரவாதம் கிடையாது.

உன் ரயில் நன்றாகத்தான் இருந்தது. ஏ.சி., சத்தமில்லை, சரியான நேரத்துக்கு வந்து நின்றது. விமானக் கம்பெனியின் கவுன்ட்டர் மூட ஐம்பது நிமிஷம் இருந்தது. 'டெர்மினலுக்குச் செல்லும் வழி' என்று பெரிய எழுத்தில் பலகை. கண்ணாடிச் சுவர், மேலே விளக்கு, கீழே வழவழவென்று கல். இரண்டு பெட்டிகளை உருட்டிக்கொண்டு போனோம். பாதி வழியில் ஷட்டர். இறக்கிப் பூட்டியிருந்தது. எங்கள் பக்கம் ஒரு பூட்டு. கம்பி இடுக்கில் எட்டிப் பார்த்தால் அந்தப் பக்கமும் ஒரு பூட்டு. எங்களுக்கு முன்னால் வந்த ஒரு குடும்பம் அங்கேயே பெட்டி மேல் உட்கார்ந்திருந்தது. ஸ்டெல்லா இந்தப் பக்கத்துச் செக்யூரிட்டியைக் கூட்டிவந்தாள். 'எங்க பூட்டை நான் தொறந்துடுவேன்மா, அவங்க பூட்டுக்குச் சாவி அவங்ககிட்ட' என்றார். அந்தப் பக்கம் தூரத்தில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் கத்தினேன். எழுந்து வந்து, 'இது ரயில்காரங்க வழி சார், எங்களுக்கு ஆர்டர் இல்ல' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அந்த மனிதர் நின்ற இடத்திலிருந்து டெர்மினலின் கதவு தெரிந்தது, வித்யா. உள்ளே ஜனங்கள் வரிசையில் நிற்பதுகூடத் தெரிந்தது.

மறுபடி ஸ்டேஷனுக்கு வந்து, லிப்ட் ஓடாமல், படியில் பெட்டிகளைத் தூக்கி இறக்கி, சாலைக்கு வந்தோம். அங்கே ஆட்டோ வரக்கூடாதாம். சுவரை ஒட்டியே வெயிலில் நடந்தோம். முதலில் வந்த வாசல் சரக்கு ஏற்றுகிற இடம். அங்கிருந்து திருப்பிவிட்டார்கள். அந்தோணி பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினான். இந்த வயசில், இரண்டு முழங்காலும் வீங்கியவன், ஓடினான். நான் உன்னை ஏழு தடவை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. நாங்கள் கவுன்ட்டருக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே இருந்த பெண் கம்ப்யூட்டரை அணைத்துக்கொண்டிருந்தாள். நல்ல பெண்தான், அவளும் யார் யாரையோ கேட்டுப் பார்த்தாள். முடியாது என்றார்கள். ஸ்டெல்லா அழவில்லை. அப்பாவின் தலையில் பெட்டி அழுத்திய இடத்தைக் கையால் தேய்த்துவிட்டுக்கொண்டு நின்றாள். எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஏஜென்ஸிக்காரன் ஒரு வழி சொன்னான். மாதக் கடைசியில் அடுத்த குழுவின் பெயர்கள் போகின்றன. பாதை மூடியிருந்ததால்தான் விமானம் தவறியது, பெண் மேல் தப்பில்லை என்று ரயில் கம்பெனியோ விமான நிலையமோ ஒரு கடிதம் கொடுத்தால் ஆஸ்பத்திரி இடத்தை வைத்திருக்கும். இல்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும். ஒரே ஒரு கடிதம். நானும் அந்தோணியும் படியேறினோம். ரயில் கம்பெனி ஆபீஸில் 'பாதை ரெடி, எங்க பக்கம் எந்தக் குறையும் இல்ல, விமான நிலையத்துல கேளுங்க' என்றார்கள். விமான நிலைய ஆபீஸில் 'பாதை ரெடின்னு ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட பேப்பர் இருக்கு, ரயில்காரங்களக் கேளுங்க' என்றார்கள். எங்களை வைத்துப் பந்தாடினார்கள். அந்தப் பேப்பரை எடுத்துக் காட்டவும் காட்டினார்கள். 'கூட்டாக நடந்து ஆய்வு செய்யப்பட்டது. பயணிகளுக்குத் திறந்துள்ளது.' ரயில் கம்பெனிக்காக உன் கையெழுத்து. அந்தோணிக்கு ஆங்கிலம் தெரியாது. 'பாப்பா கையெழுத்தாங்க?' என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். 'அப்ப பாப்பாகிட்டயே லெட்டர் வாங்கிடலாங்களே' என்றான், நிம்மதியாக.

அன்று சாயங்காலம் நீ வந்தாய். அந்தோணியிடமும் ஸ்டெல்லாவிடமும் 'ஸாரி அங்கிள், ஸாரிம்மா' என்று சொல்லி ஜூஸ் வாங்கிக் கொடுத்தாய். என்னைத் தனியாகக் கூட்டிப்போய் விவரம் சொன்னாய். உன் பக்கத்தை நான் மறைக்க மாட்டேன், அதையும் இங்கே எழுதுகிறேன். ஒப்பந்தத்தில் பாதையை யார் கட்டுவது என்று பக்கம் பக்கமாக இருக்கிறதாம். கட்டிய பிறகு காலையில் யார் திறப்பது, ஷட்டருக்குப் பக்கத்தில் பையைச் சோதிக்க யார் ஆள் போடுவது என்று ஒரு வரிகூட இல்லையாம். நீ அதைக் கேட்டு இரண்டு பக்கத்துக்கும் கடிதம் கடிதமாக எழுதினாய். யாரும் பதில் போடவில்லை. திறப்பு விழாத் தேதி குறித்துவிட்டார்கள். தாமதம் என்று எழுதினால் யாருடைய தாமதம் என்றும் எழுத வேண்டும், அவர்கள் தண்டம் கட்ட வேண்டும். அதனால் தாமதமே இல்லை என்று எழுத ஒரு கை தேவைப்பட்டது. உனக்கு மேலே இருக்கும் அரசாங்கத்து அதிகாரியும் தனியார் அதிகாரியும், மற்ற எதிலும் ஒத்துப்போகாதவர்கள், இதில் மட்டும் ஒத்துப்போனார்கள். 'போடும்மா, விழா அன்னைக்குத் தொறந்துடும்' என்றார்கள். போட்டாய். விழா அன்றைக்குத் திறந்தது. ரிப்பன் வெட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். சாயங்காலம் பூட்டினார்கள்.

அதற்குப் பிறகு நீ அங்கே போகவே இல்லை. 'போய்ப் பாத்தா பூட்டியிருக்கும்ப்பா. பாத்துட்டா எழுதணும். அதான் போகல' என்றாய். இதை நீ என்னிடம் சொன்னபோது உன் குரலில் கூச்சம்கூட இல்லை. விவரமான ஆள் விவரம் சொல்கிற குரல் அது. பயந்து கையெழுத்துப் போட்டாய், அது எனக்குப் புரிகிறது. பார்த்தால் தெரிந்துவிடும் என்று தெரிந்தே பார்க்காமல் இருந்துவிட்டு, நான் கேட்டபோது நடந்து பார்த்தேன் என்று, நம் வீட்டு வார்த்தையைப் போட்டு, என்னிடம் சொன்னாய் பார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னை ஏமாற்றிவிட்டாய், வித்யா. ஊரை ஏமாற்றினது போதாதென்று என்னையும் ஏமாற்றினாய். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சரி, இப்போது என் கதை. அந்த வார்த்தையை உனக்குக் கொடுத்தவனின் லட்சணத்தையும் நீ தெரிந்துகொள். 'ஒருத்தன் நடந்து பாக்காம நார்மல்னு எழுதினான், சாயங்காலம் பெல்ட்டே கிழிஞ்சு போச்சு' என்று உனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அந்த ஒருத்தன் நான்தான். நீ கைக்குழந்தை. தீபாவளிக்கு முந்தின நாள், எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட். உன் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கிறாள், சாத்தூருக்குப் போக வேண்டும். அந்தோணி மண் சட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தான். 'சார், கடைசீல ஒரு ரோலரு சுத்தலைங்க. பெல்ட்டு ஒரசிகினு இருக்குது. ஒரு நட வந்து பாருங்க.' கடைசி என்றால் போய்த் திரும்ப முக்கால் மணி நேரம். 'அதெல்லாம் அப்பப்ப சத்தம் வரும், நீ போ' என்றேன். 'நடந்து பார்த்தேன், நார்மல்' என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஊரிலிருந்து திரும்பி வந்தபோது விசாரணை நடந்துகொண்டிருந்தது. மண் சேர்ந்து ரோலர் இறுகிவிட்டது, வாருகிறவர்கள் ஒழுங்காக வாரவில்லை என்று முடித்தார்கள். முன்னாலேயே ஏதாவது கவனித்தாயா என்று அந்தோணியைக் கேட்டிருக்கிறார்கள். 'எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க' என்று சொல்லிவிட்டான். ஒரு மாதம் அவனை வேலைக்கு எடுக்கவில்லை. எனக்கு ஒரு மெமோகூட வரவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு அவனைக் கேட்டேன். 'நீங்க பர்மனென்ட்டுங்க. ஒங்க பேருல ஒண்ணு விழுந்துட்டா ப்ரமோஷன் நிக்கும். நமக்கென்னாங்க, அடுத்த கான்ட்ராக்ட்டு வந்தா மறுபடி சேத்துக்குவாங்க' என்றான். நான் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக வீட்டுக்கு வந்து என் குழந்தைக்கு ஒழுக்கம் கற்றுக்கொடுத்தேன். நீ என்னிடமிருந்து எதைக் கற்றுக்கொண்டாய் என்று யோசித்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. சொன்னதைக் கற்றுக்கொண்டாய் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் கழித்து நீ கூப்பிட்டாய். ஸ்டெல்லாவுக்கான கடிதம் தயார் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறாய் என்று நினைத்தேன். விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள், இரண்டு பக்கமும் உன் கையெழுத்தைக் காட்டித் தப்பிக்கப் பார்க்கிறார்கள், இது முடியாமல் வெளிநாட்டுக்கு விட மாட்டார்கள் என்றாய். பிறகு, 'அந்தோணி அங்கிள் ஒரு கையெழுத்து போட்டாப் போதும்ப்பா, எல்லாம் முடிஞ்சிடும். யாருக்கும் நஷ்டம் இல்ல' என்றாய். ஆங்கிலத்தில் நீயே எழுதி போனில் அனுப்பினாய். அந்தோணி சொல்வதாக இருந்தது அது: நாங்கள் வந்த ரயில் தாமதமானதாலும், பாதையைச் சரியாக விசாரிக்காததாலும்தான் விமானம் தவறியது, விமான நிலைய ஸ்டேஷனில் எந்தக் குறையும் இல்லை. யாருக்கும் நஷ்டம் இல்லையாம். அந்தப் பேப்பர் போய்ச் சேர்ந்தால் ஸ்டெல்லாவுக்குக் கடிதம் கொடுக்க இந்த உலகத்தில் யாருக்கும் அவசியம் இருக்காது. அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். உன் அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். 'நம்ம பொண்ணு வாழ்க்கைங்க, கெடுத்துடாதீங்க' என்றாள்.

நான் போனேன். இங்கே மந்தாரக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துக்கொண்டு கம்மாபுரம் பஸ் ஏறினேன். இதையும் எழுதிவிடுகிறேன்: ஸ்டெல்லா கடலூருக்கு டூட்டிக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். அவளுக்கு ஆங்கிலம் தெரியும். அந்தோணி வாசலில் நாற்காலி எடுத்துப் போட்டான், டீ வாங்கிவர ஓடினான். 'பாப்பா அனுப்பின பேப்பர்' என்று நீட்டினேன். அவ்வளவுதான் சொன்னேன். என்ன பேப்பர் என்று அவன் கேட்கவில்லை, ஏஜென்ஸிக்கு வேண்டிய கடிதம் என்றே நினைத்துக்கொண்டான். அவன் அப்படி நினைக்கிறான் என்று தெரிந்தும் நான் பேசாமல் இருந்தேன். தமிழில் எழுத்துக் கூட்டி 'அந்தோணிசாமி' என்று கையெழுத்துப் போட்டான். பஸ் வரைக்கும் வந்து ஏற்றிவிட்டான்.

மூன்று நாள் அந்தப் பேப்பர் என் மேஜை டிராயரில் கிடந்தது. நீ தினமும் 'ஸ்கேன் பண்ணியாச்சா?' என்று செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாய். நாலாவது நாள் அதை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். இந்தத் தடவை ஸ்டெல்லா வீட்டில் இருக்கிற நாளாகப் பார்த்துப் போனேன். அவள் கையில் கொடுத்தேன். அவள் படித்தாள், ஒரு தடவைக்கு இரண்டு தடவை. 'இங்கிலீஷ் நல்லாத்தான் எழுதியிருக்காங்க அக்கா' என்றாள். பிறகு, 'லெட்டர் வந்துட்டுதுன்னு அப்பா அன்னைக்கு மாதா படத்துக்கிட்ட மெழுகுவத்தி ஏத்திகினு ஒக்காந்திருந்தாருங்க அங்கிள்' என்றாள். அந்தோணிக்கு அவளே தமிழில் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவன் சொன்னது இது:

'பாப்பாவுக்காகப் போடுடான்னு படிச்சுக் காட்டிக் கேட்டிருந்தீங்கன்னா போட்டிருப்பேங்க. அன்னைக்கு நீங்க கேக்காமயே வாய மூடிகினு இருந்தவன் நானு. எனக்குத் தெரியாம வாங்கிகினு போனீங்க பாருங்க... போய்ட்டு வாங்க சார்.'

டீ வாங்கிவர அவன் எழுந்திருக்கவில்லை. அங்கேயே அவர்கள் எதிரிலேயே பேப்பரைக் கிழித்தேன். நடந்தது அத்தனையும் எழுதி, என் பெயர் விலாசத்தோடு விசாரணைக் குழுவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஆனால் பயணியோடு போன ஆளின் கடிதம் ஏஜென்ஸியில் செல்லாது. ரயில் கம்பெனிக்காரர் எழுத வேண்டும். அந்த ஷட்டருக்குப் பொறுப்பான ஆள் எழுத வேண்டும். அது நீ.

ஒரு பக்கம் போதும். பாதை பூட்டியிருந்தது, நான் நடந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன், போடச் சொன்னவர்கள் இன்னார் என்று எழுது. அவர்களையும் விடாதே, அவர்கள் உன்னை விடவில்லை. விசாரணைக் குழுவுக்கு ஒன்று, ஸ்டெல்லாவுக்கு ஒன்று. வேலை போகலாம். வெளிநாடு போகாமல் போகலாம். நீ படித்தவள், வேறு வேலை கிடைக்கும். மந்தாரக்குப்பத்தில் உனக்கு ஒரு அறை அப்படியே இருக்கிறது. நான் உனக்கு வயசான காலத்தில் சொல்கிற ஒரே புத்திமதி இதுதான்: எனக்கு அன்றைக்கு மெமோ வரவில்லை என்று இத்தனை வருஷம் நிம்மதியாக இருந்தேன் என்று நினைக்காதே. அந்தோணி ஒவ்வொரு தடவை 'சார்' என்று கூப்பிட்டபோதும் எனக்கு உள்ளே சுருக்கென்றது. நீ அப்படி ஒரு வாழ்க்கை வாழ வேண்டாம். இருபதாம் தேதிக்குள் நீ எழுதிவிட்டால், சங்கத்து இதழில் என் தவறை மட்டும் போட்டுக்கொள்கிறேன், உன் பெயர் வராது. எழுதாவிட்டால் இந்தக் கடிதம் இப்படியே போகும். உன் மேல் பாசம் இல்லாமல் இதைச் செய்யவில்லை. பாசம் இருப்பதால்தான் அச்சகத்துக்குக் கொடுக்கும் முன்னால் உனக்கு அனுப்புகிறேன்.

அப்பா

இருபதாம் தேதி, மத்தியானம். கூரியர் உனக்குப் பதினெட்டாம் தேதியே கிடைத்துவிட்டது, வாங்கிக்கொண்ட கையெழுத்து இங்கே வந்துவிட்டது. இன்று காலை பதினோரு மணிக்கு நீ உன் அம்மாவைக் கூப்பிட்டாய். அம்மா என்னோடு பேசிப் பத்து நாள் ஆகிறது. சமையலறையில் கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். நான் கூடத்தில்தான் இருந்தேன். 'அப்பா ஏதோ கோவத்துல இருக்காரும்மா. இன்னொரு பேப்பர் அனுப்பறேன். நீயே அந்தோணி அங்கிள்கிட்ட போய் ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடு. நீ கேட்டா போடுவாரு' என்றாய். அம்மா குழாயை மூடினாள். 'போடுவாருதான்டி' என்றாள். போனை வைத்தாள். கூடத்துக்கு வந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அச்சகம் எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும் என்று என்னைக் கேட்டாள்.